டிரைவர் திம்மராயனின் ரிக்கார்டுப் பெட்டி

திம்மராயனை எட்டு மாதம் வேவு பார்த்தவன் நான். அவரைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், அவர் மனைவியைத் தவிர அவரை அவ்வளவு உற்றுப் பார்த்தவன் வேறு யாரும் கிடையாது என்றுதான் பதில் சொல்வேன்.

1955ஆம் வருஷம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போய்வரும் பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். காலை ஆறு மணிக்கு எடுத்தால் பத்து மணிக்குக் கலாசிபாளையத்தில் நிறுத்துவோம். மறுபடி எடுப்பது இரண்டு மணிக்கு. நடுவில் இருக்கும் நேரத்தில் மற்ற டிரைவர்கள் சாப்பிட்டுவிட்டு பின்சீட்டில் காலை நீட்டித் தூங்குவார்கள். திம்மராயன் தூங்கமாட்டார். ஒரு பலகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விடுவார். திரும்பி வரும்போது சில நாள் அது கனமாக இருக்கும். தன் சீட்டுக்குக் கீழே வைத்து, பெட்டிக்குள் வைக்கோல் திணித்து, மேலே கோணிச்சாக்கு போட்டு மூடுவார். மேட்டிலும் பள்ளத்திலும் அதற்காகவே வண்டியை மெதுவாக விடுவார்.

ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் மெட்ராஸ் ராஜ்யம், மதுவிலக்கு. அந்தப் பக்கம் மைசூர், கடை திறந்தே இருக்கும். வைக்கோல் திணித்த பெட்டியை எல்லை தாண்டிக் கொண்டு வருகிற டிரைவரைப் பார்த்தால் யாருக்கும் ஒரே எண்ணம்தான் வரும். எனக்கும் அதுதான் வந்தது.

ஏப்ரல் மாதம் ஒருநாள் மேனேஜர் வெங்கடசாமி என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் கம்பெனியில் முதலாளிக்கு அடுத்தது அவர்தான். மெதுவாகப் பேசுகிறவர். வெற்றிலையைக் கூட சத்தமில்லாமல் மெல்லுவார்.

"சென்னப்பா, திம்மராயன் பெட்டியில என்ன கொண்டாறான்?"

"தெரியலீங்க. கேட்டா ரிக்கார்டும்பாரு. பாட்டு ரிக்கார்டு."

"நீ பாத்தியா?"

"பாக்கலீங்க."

"பெங்களூர்ல அவன் போற எடத்துக்கெல்லாம் நீயும் போ. அவனுக்குத் தெரியக்கூடாது. யாரைப் பாக்கறான், என்ன வாங்கறான், வாரத்துக்கு ஒருக்கா என்கிட்ட வந்து சொல்லு. கம்பெனி பேரு கெட்டுப்போச்சுன்னா உன் சோத்துலயும் மண்ணு விழும், ஆமா."

எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். மறுக்க வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், மறுக்கவும் தோன்றவில்லை. அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாக இருந்தது.

மறுநாளே பின்தொடர ஆரம்பித்தேன். கலாசிபாளையத்திலிருந்து மார்க்கெட் வரை கூட்டம். அதில் ஒருவனுக்குப் பின்னால் போவது சுலபம். திம்மராயன் நேராகப் பழைய சாமான் விற்கும் சந்துகளுக்குப் போனார். வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது ஏலத்தில் விட்ட நாற்காலி, விளக்கு, பீங்கான் தட்டு, பூட்ஸ் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். ஒரு கடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு மூட்டையைப் பிரித்து, கறுப்புத் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ரிக்கார்டுதான். ஆனால் அவர் அதைப் பார்த்த விதம்தான் சந்தேகமாக இருந்தது. பேரைப் படிக்கவில்லை. தட்டை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கண்ணை ஓட்டினார். பழையதாக, சாம்பல் பூத்ததாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினார். பளபளவென்று கறுப்பாக இருந்ததை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அது யாரிகூ பேடத பிளேட்டு" என்று கடைக்காரர் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். யாருக்கும் வேண்டாத தட்டு என்று அர்த்தம்.

திம்மராயனும் சிரித்தார். "அதுதான் எனக்கு பேக்கு" என்றார், வேண்டும் என்ற அர்த்தத்தில்.

யாருக்கும் வேண்டாத சாமானை ஒருவன் தேடி வாங்குகிறான் என்றால், அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். மேனேஜரிடமும் அப்படியே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "விடாதே. தெனமும் போ" என்றார்.

தினமும் போனேன். சில நாள் அவர் தண்டுப் பக்கம், அதாவது பட்டாளத்துக்காரர்கள் இருந்த கன்டோன்மென்ட் தெருக்களுக்கு, பஸ் ஏறாமல் பொடிநடையாகவே போவார். அங்கே ஊரை விட்டுப் போகிற சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ-இந்தியர், குடும்பங்களின் வீட்டு வாசலில் நின்று, வேண்டாத ரிக்கார்டு இருக்கிறதா என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்பார். காக்கிச் சட்டை போட்ட கறுத்த ஆள் ஒருவன் இங்கிலீஷ் ரிக்கார்டு கேட்டு வந்து நின்றால் அவர்களுக்கும் சந்தேகம்தான். பாதி வீட்டில் கதவைச் சாத்துவார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியதை நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மறுவாரம் அதே தெருவுக்கு மறுபடியும் போனார்.

அவர் கெலமங்கலத்துக்காரர். ராகியும் கொள்ளும் விதைக்கும் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. நிலத்தில் நிற்கப் பிடிக்காமல் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, யுத்த காலத்தில் பெங்களூரில் பட்டாளத்துக்கு லாரி ஓட்டினார். சிப்பாய்கள் ஆடிப்பாடும் ஒரு கிளப்புக்குக் காய்கறி இறக்குவது அவர் வேலை. சமையல்கட்டுக்குப் பின்னால் மூட்டையை இறக்கிவிட்டு நிற்கும்போது, மத்தியானம் பேண்டுக்காரர்கள் ஒத்திகை பார்ப்பது சுவர் வழியாகக் கேட்குமாம். ஜாஸ் என்று அதற்குப் பேர் என்பதுகூட ரொம்ப நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்ததாம். இதெல்லாம் அவரே பின்னால் என்னிடம் சொன்னது. வேவு பார்த்த காலத்தில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அப்போது எனக்குத் தெரிந்தது வேறு. அவர் அந்த ரிக்கார்டுகளை ஊரெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். இரவல்தான், ஆனால் வாடகை கிடையாது. சாவி கொடுத்து ஓட்டுகிற சின்ன கிராமபோன் ஒன்று வைத்திருந்தார். அதையும் சேர்த்துக் கொடுப்பார். சூளகிரி ஓட்டல்காரருக்குக் கொடுத்தார். ஓசூரில் முடிவெட்டும் கடையில் கொடுத்தார். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தார். "ஒரு வாரம் வச்சிருங்க. ஒருக்கா கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லாதீங்க, மூணு தடவை கேளுங்க" என்பார்.

ஓட்டல்காரர் மறுநாளே பஸ்ஸை நிறுத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்பா, இவன் எதுக்குச் சும்மா குடுக்கறான்? ஏதாச்சும் கட்சியா?" என்று கேட்டார். முடிவெட்டுகிறவர், இது ஆளைக் கிறிஸ்தவராக மாற்றும் வேலை என்று நினைத்துப் பயந்தார். ஒர்க்‌ஷாப்பில் அதற்குள் ஏதோ மைசூர் ராஜ்யத்துச் சமாசாரம் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஓசூர் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று எல்லாரும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்த சமயம் அது. தமிழா, கன்னடமா, தெலுங்கா என்று எதுவும் புரியாத ஒரு சங்கீதத்தை எல்லை தாண்டிக் கொண்டுவந்து இலவசமாகக் கொடுக்கிறவனை யார் நம்புவார்கள்?

ஒவ்வொரு ரிக்கார்டு உறையிலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பார். தன் கையாலேயே தமிழில் எழுதியது. ஒரு நாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு சீட்டை எடுத்துக் காப்பியெடுத்தேன். அதில் இப்படி இருந்தது:

"இரண்டாம் பக்கத்தை முதலில் வை. நடுவில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். பதறாதே. எட்டு எண்ணு. கறுப்புக் குழல்காரன் தனியாக வருவான்."

சாராயக் கடத்தலுக்கான குறிப்பு என்றே நினைத்து அதை மேனேஜரிடம் கொண்டுபோனேன். அந்தச் சீட்டைப் படித்ததும் மேனேஜரின் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். "இது போதும்" என்றார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை திம்மராயனுக்கு ஓய்வு. அன்றைக்கு அவர் ஓசூரில் ஒரு சந்துக்குள் போவதாக எனக்குத் தெரியவந்தது. நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பெட்டியோடு ஒரு ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தார். பொம்பளை சமாசாரம் என்று முதலில் நினைத்தேன். பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன். உள்ளே ரிக்கார்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. அதே மெட்டை யாரோ குழலில் ஊதிப் பார்க்கிற சத்தம் கேட்டது. தப்பாக வந்தது. மறுபடி ரிக்கார்டு. மறுபடி ஊதல்.

அது ஷௌகத் அலியின் வீடு. கல்யாணங்களுக்குப் பேண்டு செட் நடத்துகிறவர். கிளாரினெட் வாசிப்பார். ரிக்கார்டில் யார் என்ன செய்கிறான் என்று திம்மராயனுக்குப் பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

"இங்க பாரு திம்மராயா, இவன் தப்பா வாசிக்கிறான்" என்று ஷௌகத் அலி சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"தப்பு இல்லீங்க பாய். வேணும்னே போறான். போயிட்டுத் திரும்பி வர்றான், பாருங்க."

"எதுக்குப் போகணும்?"

"மத்தவன் கூப்பிடறான் இல்ல, அதுக்குத்தான். ஒருத்தன் ஒரு பேச்சை ஆரம்பிக்கறான், இன்னொருத்தன் குறுக்கே பூந்து மறுத்துப் பேசறான். ஆனா சண்டை இல்ல."

அன்றைக்கு அவர்கள் கேட்டது ஒரு ஆல்பம். போட்டோ ஒட்டுகிற ஆல்பம் போலவே கெட்டி அட்டை, சிவப்புத் துணி முதுகு. உள்ளே தாளுக்குப் பதிலாக உறைகள், உறைக்கு ஒன்றாக நாலு ரிக்கார்டு. ஏழு பேர் கொண்ட ஏதோ ஒரு பேண்டு. அமெரிக்காவில் எந்த ஊர் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒரு பொம்பளை பியானோ வாசிப்பதாக உள்ளே ஒட்டியிருந்த படத்தில் இருந்தது. தண்டில் யாரைக் கேட்டாலும் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்களாம். முள்ளே படாத தட்டுகள். வாங்கினவன் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். திம்மராயனுக்கு அந்த ஆல்பம்தான் எல்லாவற்றிலும் உசத்தி.

நான் அந்தச் சுவரோரம் நாலு வியாழக்கிழமை நின்றேன். இரண்டு வியாழக்கிழமை போதும். மற்ற இரண்டுக்கு ஏன் போனேன் என்று என்னிடமே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பர் மாதம் அது நடந்தது. இரண்டு மணி வண்டி, முப்பது முப்பத்தைந்து பேர். எல்லையில் செக்போஸ்ட்டில் நிறுத்தினோம். எப்போதும் ஒரு கான்ஸ்டபிள் ஏறி எட்டிப்பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். அன்றைக்கு மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டரே நின்றிருந்தார். கையில் நான் காப்பியெடுத்த சீட்டு. நேராக டிரைவர் பக்கம் வந்தார்.

"சீட்டுக்குக் கீழ இருக்கற பெட்டிய எடு."

திம்மராயன் எடுத்தார். வைக்கோலை விலக்கினால் சிவப்பு ஆல்பம். இன்னும் ஐந்தாறு ரிக்கார்டு. பாட்டில் எதுவும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தார். ஆல்பத்தின் அட்டையை விரல் விட்டு நெருடினார். பஸ் முழுக்கச் சோதனை போட்டார்கள். சீட்டுகளுக்குக் கீழே, டூல் பாக்ஸ், மேலே கேரியரில் இருந்த மூட்டைகள் எல்லாம் இறங்கின. ஒரு ராகி மூட்டை கயிறு நழுவி விழுந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்த ஒரு ரிக்கார்டின் மேலேயே விழுந்தது. பிஸ்கட் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். திம்மராயன் கண்ணை மூடித் திறந்தார்.

கான்ஸ்டபிள் ஒருவர் லத்தியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். பின்னால் கட்டியிருந்த ஸ்டெப்னியையும் தட்டினார். அப்போது திம்மராயன் சட்டென்று தலையைத் திருப்பினார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் சீட்டை நீட்டினார். "கறுப்புக் குழல்காரன் யாரு?"

"கிளாரினெட்டுங்க. நாதஸ்வரத்துல பாதி இருக்கும். பேண்டு செட்டுல ஊதுவாங்க."

"எட்டு எண்ணுன்னா?"

"எட்டு எண்ணினா அவன் வருவான், அதுதாங்க."

"எங்க வருவான்?"

"ரிக்கார்டுலங்க."

செக்போஸ்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. வழிப்போக்கர்களை இழுக்க அங்கே ஒரு குழாய் கிராமபோன் வைத்திருந்தார்கள். எல்லாரும் அங்கே போனோம். பயணிகளும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். திம்மராயன் சாவி கொடுத்து, முள்ளை மாற்றி, ஆல்பத்திலிருந்து அந்தச் சீட்டுக்குரிய ரிக்கார்டின் இரண்டாம் பக்கத்தை வைத்தார்.

அது பாட்டாகவே யாருக்கும் படவில்லை. ஒரே இரைச்சல். ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "இது என்ன பாஷை?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "பாஷை இல்லீங்க" என்றார் திம்மராயன். பிறகு கையைத் தூக்கினார். சொல்லிவைத்த மாதிரி எல்லா வாத்தியமும் நின்றது. டீக்கடையில் அடுப்பு எரிகிற சத்தம் மட்டும் கேட்டது. சப்-இன்ஸ்பெக்டர் விரலை மடக்கி எண்ணினார். வாய் அசைந்தது. ஏழு. எட்டு. கிளாரினெட் ஒன்று தனியாக, தணிந்த குரலில், யாரையோ விசாரிக்கிற மாதிரி வந்தது.

காதைப் பொத்தியிருந்த அம்மாள் கையை எடுத்தாள். சப்-இன்ஸ்பெக்டர் அது முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும், மரியாதையில்லாமல் பேசிக்கொண்டிருந்தவர், "சரி, போங்க" என்றார். ஆனாலும் மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் என்று பெட்டியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார்.

வண்டியை எடுத்ததும் திம்மராயன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "சென்னப்பா, ஸ்டெப்னிய அந்தாளு தட்டினப்ப கேட்டியா?"

"இல்லீங்கண்ணா. ஏன்?"

"காத்து இருக்கற டயரு டங்குன்னு சொல்லும். அது தொப்புங்குது." என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் யார் பக்கம் என்று கேட்கிற கேள்வி இருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போலீஸ் கை வைத்த டிரைவரைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது என்றார். எனக்கு முதுகில் தட்டிக் கொடுத்தார்.

புது டிரைவரோடு பெங்களூர் போனேன். அன்றைக்குப் பின்தொடர யாரும் இல்லை. பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் கிளீனர் கரியப்பன், நாற்பது வயசு ஆள், இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தான். "ஏன், ஊரு சுத்தப் போகலியா?" என்றான். "கால் வலி" என்றேன். மூன்றாம் தடவை வந்தபோது அவன் முகம் சரியில்லை. எனக்கு அந்தத் தொப்பென்ற வார்த்தை மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு எதிர்வரிசை ஓட்டலில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் ஒரு டயர். கரியப்பனும் இன்னொருவனும் ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார்கள். சாதாரண டயரை ஒருத்தன் தூக்கிவிடலாம். அதை இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கினார்கள்.

டியூபுக்குள் சாராயம். எட்டு மாதமாக அது நான் டிக்கெட் கிழித்த பஸ்ஸிலேயே வந்துகொண்டிருந்தது. திம்மராயன் கடைவீதிக்குப் போய்விடுவார், கண்டக்டர் அவர் பின்னால் போய்விடுவான், பஸ் கரியப்பன் ஒருவன் கையில் இருக்கும். மேனேஜர் என்னை ஏவியது திம்மராயனைப் பார்ப்பதற்கு இல்லை. பஸ்ஸை யாரும் பார்க்காமல் இருப்பதற்கு. இந்த பஸ்ஸில் சரக்கு வருகிறது என்று போலீஸ் மோப்பம் பிடித்ததும், கையோடு தயாராக ஒரு ஆளும் ஒரு சீட்டும் இருந்தது. அந்தச் சீட்டு என் கையெழுத்து.

அன்று சாயங்காலம் வண்டியை ஒப்படைத்தவுடன் ஓசூர் போகும் லாரி ஒன்றில் ஏறித் திம்மராயன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பூவம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்க வந்திருக்கே? இன்னும் என்ன பாக்கி இருக்குது பாக்கறதுக்கு?"

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும் அக்கா."

"பேசறதையும் எழுதிக்கிட்டுப் போவியா?"

உள்ளேயிருந்து திம்மராயன், "விடு, வரட்டும்" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர், சீட்டு, சுவர், தள்ளுவண்டி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ பின்னால வர்றது எனக்கு மூணாவது வாரமே தெரியும்" என்றார் கடைசியில். "உன் இடது செருப்புல ஆணி தூக்கிட்டிருக்குது. கல்லுமேல பட்டா டிக் டிக்குங்கும்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"முதல்ல கோவம்தான். ஒரு நாள் சந்துல வச்சு அடிக்கணும்னுகூட இருந்தேன். அப்புறம் பாய் வீட்டுச் சுவத்துக்கிட்ட நிக்க ஆரம்பிச்சே. நான் ரிக்கார்டு குடுத்தவன்ல ஒருத்தன்கூட முழுசாக் கேட்டதில்ல. நீ முடியற வரைக்கும் நின்னுட்டுத்தான் போனே."

பூவம்மாள் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அது நியாயம்தான்.

மறுநாள் நான் லீவு போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சப்-இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தோம். அவர் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவன் பழியை வேறு ஒருத்தன்மேல் தள்ளப் பார்க்கிறான், கூட ஒருத்தனைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது அவர் எண்ணம். "டயரை அறுத்துப் பாத்து ஒண்ணும் இல்லேன்னா உங்க ரெண்டு பேரையும் உள்ள போடுவேன்" என்றார்.

"அறுக்க வேண்டாங்க. முதல்ல கேளுங்க" என்றார் திம்மராயன்.

எங்கள் பஸ் வந்தது. திம்மராயன் சப்-இன்ஸ்பெக்டர் கையில் ஸ்பானரைக் கொடுத்து முன் டயரைத் தட்டச் சொன்னார். டங். பின் டயர். டங். "இப்ப இதத் தட்டுங்க" என்று ஸ்டெப்னியைக் காட்டினார். தொப். சப்-இன்ஸ்பெக்டர் மறுபடி முன்னால் போய்த் தட்டினார், மறுபடி பின்னால் வந்து தட்டினார். பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். கரியப்பன் மெல்லச் சோளக்காட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். அவனைப் பிடித்து வந்த பிறகுதான் டயரை அறுத்தார்கள். வாடை டீக்கடை வரைக்கும் வந்தது.

கரியப்பனுக்கு ஆறு மாதம் கிடைத்தது. மேனேஜர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சாதித்தார். அவரைக் கம்பெனி நிறுத்திவிட்டது, கேஸ் நிற்கவில்லை. முதலாளிக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் திம்மராயனைக் கூப்பிட்டு, பழைய வேலையையே தருவதாகச் சொன்னார். ரொம்பப் பிரியமாகப் பேசினார். அந்தப் பிரியமே சரியில்லை என்று திம்மராயன் வேண்டாமென்று சொல்லிவிட்டார். கிருஷ்ணகிரி மாம்பழ மண்டி ஒன்றில் லாரி ஓட்டப் போனார். அடுத்த வருஷம் நானும் கண்டக்டர் வேலையை விட்டு அதே மண்டியில் லோடு பார்க்கும் வேலையில் சேர்ந்தேன்.

பெட்டி பத்திரமாகத் திரும்பி வந்தது. ஒடிந்த ரிக்கார்டு ஆல்பத்தில் நாலாவது. அதன் முதல் பக்கம் மட்டும் ஷௌகத் அலிக்குப் பாடமாகியிருந்தது. 1957 வைகாசியில் ஓசூர் தேர்ப்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலம் போனது. பாயின் பேண்டு செட்தான். வழக்கமான மெட்டுகள் எல்லாம் வாசித்து முடித்து, நாற்சந்தியில் நின்று, திடீரென்று அதை எடுத்தார்கள். டிரம்காரன் நிறுத்திக்கொண்டான், ட்ரம்பெட்டும் நின்றது. கிளாரினெட் மட்டும் தனியாகப் போனது. பெண்ணின் அப்பா விறுவிறுவென்று வந்து, "என்ன பாய் இது, எழவு மேளமாட்டம் நிறுத்தறீங்க? நல்ல காரியத்துல?" என்று பிடித்துக்கொண்டார். ஷௌகத் அலி வாயிலிருந்து எடுக்காமலேயே கையால் பொறுங்கள் என்று காட்டினார். டிரம் மறுபடி வந்து சேர்ந்தது. பையன்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, பெட்ரோமாக்ஸ்காரனைக் கிட்டே வரச் சொன்னார்.

திம்மராயன் கூட்டத்தில் என் பக்கத்தில்தான் நின்றார். இது என்ன பாட்டு என்று ஒருவர் அவரிடமே கேட்டார். "தெரியலீங்க, நல்லா இருக்குது" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு நாள் எல்லார் கையிலும் வலிய வலியத் திணித்த மனுஷன், தேடி வந்து கேட்டவனிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா எதுக்குச் சொல்றேன்னு யோசிப்பான். இப்ப கேட்டுக்கிட்டு இருக்கான், கேக்கட்டும்" என்றார்.

எனக்கு அந்தச் சங்கீதம் இன்றைக்கும் முழுசாகப் பிடிபடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில இடம் பிடிக்கும். பல இடம் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றிருக்கும். அவரிடம் அப்படியே சொல்வேன். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. அடுத்த வாரம் வேறு ஒரு சீட்டோடு வேறு ஒரு ரிக்கார்டு வரும்.

1958ல் பெங்களூரில் அவருக்கு ஒரு புதுமாதிரி ரிக்கார்டு கிடைத்தது. பெரிசாக, லேசாக, வளைத்தால் வளைகிற தட்டு. ஒரு பக்கமே இருபது நிமிஷம் ஓடுமாம். அதுவும் யாருக்கும் வேண்டாதது, உறைகூடப் பிரிக்காதது. வாங்கிவந்த பிறகுதான் தன் கிராமபோனில் அதைப் போட முடியாது என்று தெரிந்தது. அதற்கு மெதுவாகச் சுற்றுகிற கரண்ட் மிஷின் வேண்டும். மூன்று மாதம் அந்த ரிக்கார்டை வெறுமனே வெயிலில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரியில் டாக்டர் சரோஜம்மாள் வீட்டில் அப்படி ஒரு ரேடியோகிராம் இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வியாதி ஒன்றும் இல்லாமல் இரண்டு ஆம்பளைகள் வந்து நிற்பதை டாக்டரம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேணும்?"

"ஒரு ரிக்கார்டு கேக்கணுங்கம்மா. உங்க மிஷின்ல. ஒரு பக்கம் போதும்."

"எங்கிட்ட மிஷின் இருக்குன்னு யார் சொன்னா?"

"ஊர்ல சொன்னாங்க."

"ஊர்ல வேற என்னென்ன இருக்குன்னு சொன்னாங்க, நகையெல்லாமும் சொன்னாங்களா?"

திம்மராயன் ரிக்கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். உறைக்குள் வழக்கம்போல் ஒரு சீட்டு இருந்தது. கேட்காத ரிக்கார்டுக்கு என்ன எழுத முடியும்? அதில், "இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு எழுதுகிறேன்" என்று மட்டும் இருந்தது. டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளே கூப்பிட்டார்.

எங்களை வாசல் பக்கத்து நாற்காலிகளில் உட்காரவைத்து, தன் கம்பவுண்டர் சென்னகிருஷ்ணனைக் கதவோரம் நிறுத்திவிட்டு, தானே முள்ளை வைத்தார். நோயாளி ஒருத்தி வந்துவிட அடுத்த அறைக்குப் போய்விட்டார். கதவை மட்டும் திறந்தே வைத்திருந்தார்.

இருபது நிமிஷம். திம்மராயன் முழங்கையைத் தொடையில் ஊன்றி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கம்பவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.